இரண்டாவது கிளாஸில் என்ன இருந்தது?

கேள்வி:

டாக்டர், எனக்கு 26 வயது. ஊர் கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்ப்பவரின் நிச்சயதார்த்த ட்ரீட் என்று கோபாலபுரம் தாண்டி ஒரு தோப்பு வீட்டுக்குப் போயிருந்தோம். நான் குடிப்பதில்லை. ‘ப்ளூ லைம்’ என்று நீலக் கலரில் ஒரு ஜூஸ் வைத்திருந்தார்கள். முதல் கிளாஸை நானே எடுத்துக்கொண்டேன். இரண்டாவதை ஒருவர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கால் தளர்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் மூன்று மணி நேரம் எதுவுமே ஞாபகம் இல்லை. பொள்ளாச்சியில் தோழியின் ரூமில் கண் விழித்தேன். உடுப்பு அதேதான். முழங்காலில் சிராய்ப்பு இருந்தது. தோழியோ, “நீ நல்லாத்தானே பேசிட்டிருந்தே, நீயேதான் கார்ல ஏறினே” என்கிறாள். புதன்கிழமை ஒரு தனியார் லேபில் சிறுநீர் கொடுத்துப் பார்த்தேன், எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. நானாகக் கற்பனை செய்கிறேனா? இனி என்ன செய்ய முடியும்? போலீஸ் என்றால் கேரளமா, தமிழ்நாடா? அந்தத் தோப்பு எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அந்தக் கூட வேலை பார்ப்பவரின் கல்யாணம் வேறு இருக்கிறது.

பெயர் வேண்டாம்.

பதில்:

உங்கள் கடிதம் வியாழன் இரவு வந்தது. இந்தப் பகுதி வெளியாகும்வரை காத்திருக்கிற சங்கதி இல்லை என்பதால் அன்றைக்கே தனியாகப் பதில் அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்குப் போய்விட்டதாக எழுதியிருந்தீர்கள், நல்லது. அதையே இப்போது விரிவாக, உங்கள் அனுமதியோடு, அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றி எழுதுகிறேன். இதே சந்தேகத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் கற்பனையா என்ற கேள்வி. உங்களைக் குழப்புவது லேப் ரிப்போர்ட்டைவிடத் தோழி சொன்ன வார்த்தைதான் என்று நினைக்கிறேன். நன்றாகப் பேசினேன், நடந்தேன், காரில் ஏறினேன் என்றால் மயக்கம் எங்கே வந்தது என்று நீங்களே உங்களைச் சந்தேகப்படுகிறீர்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், சோல்பிடெம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் ஆளை அடித்துப் போட்ட மாதிரி தூங்க வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. புதிய ஞாபகங்கள் மூளையில் பதிவாவதை அவை தடுத்துவிடும். அந்த நேரத்தில் ஆள் சிரிப்பார், பதில் சொல்வார், போனில்கூடப் பேசுவார். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது, ஹார்ட் டிஸ்க் மட்டும் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக உள்ளே போன மதுவும் இதையேதான் செய்யும். ஆகவே தோழி சொல்வதும் உண்மையாக இருக்கலாம், உங்கள் சந்தேகமும் சரியாக இருக்கலாம். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது.

என்ன கலந்திருக்கலாம்? இந்த மாதிரி சந்தேகத்தோடு வருகிறவர்களிடம் முதலில் நினைக்க வேண்டியது ஏதோ மர்மப் பொடியை இல்லை, சாராயத்தைத்தான். அந்த நீலச் சிரப், எலுமிச்சை, சோடா, ஐஸ் எல்லாம் சேர்ந்தால் ஒரு குவார்ட்டர் வோட்கா இரண்டு கிளாஸுக்குள் காணாமல் போய்விடும். குடித்துப் பழக்கமே இல்லாத ஒருவருக்கு, அதுவும் சாப்பிடுவதற்கு முன்னால் என்றால், 180 மில்லி என்பது ஞாபகத்தை அறுத்துப் போடக்கூடிய அளவு. “சும்மா ஒரு ஜாலிக்கு ஊத்தினோம்” என்று சொல்லக்கூடும். சொல்லாமல் ஊற்றினால் அது ஜாலி இல்லை. அடுத்தது மேலே சொன்ன மாத்திரைகள், மதுவோடு சேரும்போது இவற்றின் வேகம் பல மடங்கு. நமது வட்டாரத்துக்கு இது புதிதும் இல்லை. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கள்ளில் டயசெபாமும் குளோரல் ஹைட்ரேட்டும் கலக்கிறார்கள் என்பது பழைய புகார். தெலங்கானா, ஆந்திரப் பக்கம் போனால் அல்பிரசோலம் கலந்த கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் விற்பனைக்குத் தடை இருப்பதால் எல்லை தாண்டி ஷாப்புக்கு வந்து குடித்துவிட்டு, திரும்பும் வழியில் பர்ஸ், போன், பைக் எல்லாம் இழந்து நிற்கிற ஆண்களும் உண்டு. அவர்களும் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. ரயிலில் பிஸ்கட்டும் டீயும் கொடுத்துக் கொள்ளையடிப்பது இன்னொரு வகை. ரயிலில் அப்படி நடந்தால் ரயில்வே உதவி எண் 139.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாபகம் அறுபடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. வலிப்பு வந்திருந்தால் நாக்கைக் கடித்த காயம் இருக்கும், சில நேரம் உடையிலேயே சிறுநீர் போயிருக்கும். சர்க்கரை இறங்கியிருக்கலாம். ஜலதோஷத்துக்குப் போட்ட மாத்திரையோடு கொஞ்சம் மது சேர்ந்தாலே சிலருக்குத் தலை சுற்றிவிடும். இவற்றைப் பார்க்கவும் டாக்டர்தான் வேண்டும். என்ன நடந்தது என்று உறுதியாகத் தெரிந்தபிறகு போகலாம் என்று காத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதில்தான் சிக்கல். காத்திருக்கிற ஒவ்வொரு மணி நேரத்திலும், உறுதிப்படுத்தக்கூடிய பொருள் உடம்பைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. சந்தேகம் ஒன்றே மருத்துவமனைக்குப் போகப் போதுமான காரணம்.

இப்போது அந்த ரிப்போர்ட். லேபில் பெரும்பாலும் ஒரு கேசட் டெஸ்ட் செய்திருப்பார்கள், கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரி இருக்கும். கஞ்சா, ஓபியம் வகை, ஆம்ஃபெட்டமைன் என்று ஐந்தாறு இனங்களைத்தான் அது தேடும். கெட்டமைன் என்ற மயக்க மருந்தையும் சோல்பிடெமையும் அது தேடுவதே இல்லை. தூக்க மாத்திரைக்கு ஒரு கோடு இருந்தாலும் குளோனசெபாமையும் லோரசெபாமையும் பல சமயம் தவற விட்டுவிடும், ஏனென்றால் அவை உடம்பில் சிதைந்து வெளியேறும் வடிவம் வேறு. ஞாயிறு மாலை உள்ளே போன மது திங்கள் காலைக்குள் ரத்தத்தில் இருந்து போயிருக்கும். சோல்பிடெம் ஓரிரண்டு நாள். ஜி.ஹெச்.பி. என்ற மயக்கப் பொருள் சிறுநீரில் பன்னிரண்டு மணி நேரம்கூட நிற்பது கஷ்டம். ஆக, புதன்கிழமை எடுத்த ரிப்போர்ட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: தேடிய சில பொருள்கள் அன்றைக்கு அந்தச் சிறுநீரில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அது சொல்லவில்லை. அந்தத் தாளைக் காட்டி யாராவது உங்களைப் பொய்க்காரி ஆக்கப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மறுபடி சிறுநீர் கொடுக்கச் சொன்னதற்கும் இதுதான் காரணம். ஐந்து நாள்வரை சிறுநீர் எடுத்து வைக்கலாம் என்பது தடயவியல் மருத்துவத்தில் பொதுவான வழக்கம், சில மாத்திரைகள் அவ்வளவு நாள் தங்கும். ஆனால் அது கேசட்டில் பார்ப்பதற்காக இல்லை. மருத்துவமனையில் எடுத்து, சீல் வைத்து, போலீஸ் வழியாகத் தடயவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டியது. அங்கேதான் ஒவ்வொரு பொருளையும் பிரித்துப் பார்க்கும் கருவிகள் உண்டு. இதுவும் போதாத நிலையில் முடி இருக்கிறது. தலைமுடி மாதம் ஒரு சென்டிமீட்டர் போல வளரும். ஒரே ஒரு தடவை உள்ளே போன மருந்தின் சுவடுகூட சில நேரம் அதில் கிடைக்கும். சம்பவம் நடந்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, பின்மண்டையில் தோலை ஒட்டி வெட்டி எடுப்பார்கள். எல்லா ஆய்வகத்திலும் இந்த வசதி கிடையாது, விசாரணை அதிகாரியிடம்தான் கேட்க வேண்டும். அதுவரை முடியை ஒட்ட வெட்டிக்கொள்ளாதீர்கள். டை அடிப்பது, ஸ்ட்ரெய்ட்டனிங் செய்வது எல்லாம் கல்யாண சீசன் முடிந்து பார்த்துக்கொள்ளலாம்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக முதல் சில மணி நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு இப்படி ஆகிறது என்று தோன்றினால் அவரைத் தனியாக விடக் கூடாது, அந்தக் கிளாஸைக் கொண்டுவந்தவரோடு அனுப்பவும் கூடாது. தூக்கம் என்று நினைத்து ரூமில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வருவதுதான் பெரிய ஆபத்து. மல்லாக்கப் படுத்து வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நம் ஊரில் புளித்தண்ணி, உப்புத்தண்ணி கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க ஒரு பாட்டி எங்கிருந்தாவது வந்துவிடுவார். வேண்டவே வேண்டாம். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் மோரோ எலுமிச்சைச் சாறோ எதுவும் ஊற்றாதீர்கள். எழுப்பினால் எழவில்லை, குறட்டை மாதிரி மூச்சு, உதடு நீலம் என்றால் 108. கூப்பிட்டவுடன் எழுகிறார் என்றாலும் கேஷுவாலிட்டிக்குக் கொண்டுபோவதே மேல். தூங்காமல் பிதற்றுகிறார், காற்றில் எதையோ பிடிக்கிறார், வாய் வறண்டு கண்மணி விரிந்திருக்கிறது என்றால் ஊமத்தையாக இருக்கலாம், அதற்கும் உடனே மருத்துவமனைதான்.

போகிற வழியில் சிறுநீர் வந்தால் அடக்கிவைக்கச் சொல்ல மாட்டேன். சுத்தமான, காய்ந்த பாட்டிலில் பிடித்து, நேரத்தை எழுதி எடுத்துப் போங்கள். முதல் சிறுநீருக்குத்தான் மதிப்பு அதிகம். உடுப்பைத் துவைக்காதீர்கள். வாந்தி பட்டிருந்தால் அதுவும் சாட்சிதான். ஈரம் இருந்தால் நிழலில் உலர்த்திக் காகிதக் கவரில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். மிச்சப் பானம் கிடைத்தால் மூடி போட்ட பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்கத் தயங்கி, கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தில் யாராவது உடல்ரீதியாக அத்துமீறினார்களா என்பது. உடுப்பு கலையாமல் இருந்தது ஆறுதலாக இருக்கலாம், அதை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் விருப்பம். பாதியில் போதும் என்று சொல்லவும் உரிமை உண்டு. இரண்டு விரல் பரிசோதனை என்று ஒன்று முன்பு இருந்தது. 2013-இலும் மறுபடி 2022-இலும் உச்ச நீதிமன்றம் அது கூடாது என்று சொல்லிவிட்டது. யாராவது செய்ய வந்தால் மறுத்துவிடுங்கள். தடயங்கள் எடுக்க முதல் மூன்று நாள் முக்கியம், நான்கு நாள்வரை முயற்சி செய்யலாம். அவசரக் கருத்தடை மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. தமிழ்நாட்டுப் பக்கம் பல மருந்துக்கடைகளில் இதைக் கேட்டால் இல்லை என்பார்கள். கடை கடையாக அலையாமல் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். உங்களுக்கு இரண்டுக்கும் நேரம் தாண்டிவிட்டது. அதனால்தான் ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம் என்று எழுதினேன். வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்ததும் சரியே. மூன்று வாரம் கழித்து ஒரு கர்ப்பப் பரிசோதனை, டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிகளில் எச்.ஐ.வி., ஹெப்படைடிஸ் ரத்தப் பரிசோதனை, இவற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சரி, எல்லைக்கு வருவோம். கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், வீடு ஒரு மாநிலம், தோப்பு இன்னொரு மாநிலம் என்பதெல்லாம் இங்கே சாதாரணம். “இது எங்க லிமிட் இல்லைம்மா” என்ற பதிலும் சாதாரணம். சட்டப்படி அந்தப் பதில் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பாலியல் குற்றம் என்றால் பெண் அதிகாரிதான் வாக்குமூலம் எழுத வேண்டும். கெடுதல் செய்யும் நோக்கத்தோடு போதை கலந்து கொடுப்பது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 123-ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றம், பத்து ஆண்டுவரை சிறை. அதற்குப் பிறகு வேறு எதுவும் நடந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. நோக்கம் என்ன என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை, உங்கள் கூட வேலை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு இல்லை.

என் யோசனை, போலீஸா மருத்துவமனையா என்ற குழப்பம் வந்தால் முதலில் மருத்துவமனை, அதுவும் எது கிட்டமோ அது. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் எதுவானாலும் இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு அது. மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் சொல்லும். அதற்காக நீங்கள் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. வேண்டாம் என்றால் அதை எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும் என்பது மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டல். கையில் ஒரு தாள் இல்லாமல் மட்டும் வெளியே வராதீர்கள். தமிழ்நாட்டில் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல் என்று கேளுங்கள். “குடித்துவிட்டு வந்தார்” என்று எழுதப் போனால் நிறுத்துங்கள், “தனக்குத் தெரியாமல் ஏதோ கலந்து கொடுக்கப்பட்டதாகச் சந்தேகிக்கிறார்” என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி பின்னால் ரொம்ப உதவும். கேரளத்துப் படிவம் மலையாளத்தில் இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சித்தூர் வட்டத்தில் தமிழில் மனு கொடுப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. உங்கள் சிறுநீர் மாதிரி கேரளத்தில் எடுக்கப்பட்டால் கெமிக்கல் எக்ஸாமினர் ஆய்வகத்துக்குப் போகும், தமிழ்நாட்டில் என்றால் கோயம்புத்தூர் வட்டாரத் தடயவியல் ஆய்வகம் இருக்கிறது. வழக்கு மாநிலம் மாறினால் மாதிரி எங்கே இருக்கிறது என்ற குழப்பம் வரும், அதனால் எங்கே, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் பெண்கள் உதவி எண் 181, இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.

ஞாபகம் திரும்புமா என்று இரண்டாவது கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். பதிவாகாதது பெரும்பாலும் திரும்பாது. துண்டு துண்டாக ஒன்றிரண்டு காட்சி வரலாம். ஹிப்னாடிசம் செய்து மீட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். நடுவில் இருக்கிற ஓட்டையை மற்றவர்கள் சொல்வதை வைத்து நிரப்பவும் வேண்டாம். நினைவிருப்பதை மட்டும், இப்போதே, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். தோழியிடம், அவள் பார்த்ததைப் பார்த்தபடி அவள் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தக் கார், யார் ஓட்டினார்கள், எத்தனை மணி. போனில் கால் லிஸ்ட், லொகேஷன், வங்கி மெசேஜ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930. அந்த வழியில் பெட்ரோல் பங்க், கடை ஏதாவது இருந்தால் சி.சி.டி.வி. பதிவைச் சீக்கிரம் கேட்கும்படி போலீஸிடம் சொல்லுங்கள். பல இடங்களில் சில வாரத்திலேயே பழையதன்மேல் புதியது பதிந்துவிடும். ராத்திரி தூக்கம் வராமல் இருப்பது இந்த நிலையில் இயல்பு. நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், மாதிரி கொடுக்கும் முன் என்றால் அதுவே ஆய்வைக் குழப்பிவிடும். 14416-ஐக் கூப்பிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையம், தமிழிலேயே பேசலாம்.

அம்மாவிடம் சொல்லலாமா? உங்கள் அம்மாவை எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். என் அனுபவத்தில் அம்மாக்கள் முதல் பத்து நிமிஷம் திட்டுவார்கள், பதினொன்றாவது நிமிஷம் செருப்பைப் போட்டுக்கொண்டு கூட வரத் தயாராக நிற்பார்கள். எல்லா வீடும் அப்படி இல்லை என்பதும் உண்மைதான். அம்மா சரிப்படாது என்றால் ஒரு சித்தி, அக்கா, யாராவது ஒருவர் போதும். தனியாக மட்டும் சுமக்காதீர்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் மருத்துவமனைத் தாளைக் காட்டி ஆரம்பியுங்கள். கேரள அரசு மருத்துவமனைகள் பலவற்றில் பூமிகா என்ற ஆலோசனை மையம் உண்டு, அவர்களை வைத்தும் வீட்டில் பேசச் சொல்லலாம்.

கம்பெனியில் உள்ளகப் புகார்க் குழு இருக்கும், பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கலாம். வெளியே நடந்த தனிப்பட்ட விருந்து வேலையோடு சேருமா என்று வாதம் வரலாம், வரட்டும். கொடுத்து வைப்பதில் நஷ்டம் இல்லை.

கல்யாணத்துக்குப் போக வேண்டாம். காரணம் கேட்டால் காரணம் சொல்லவும் வேண்டாம். ஆனால் அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறிவிடாதீர்கள். அன்றைக்கு எடுத்த படங்கள், யார் எத்தனை மணிக்கு என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. முழு அரட்டையையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பி வைத்துவிட்டு, அப்புறம் வெளியேறுங்கள்.